சம்பங்கியின் இடது பெருவிரல்

குருபரப்பள்ளியில் ரோட்டோரம் களிக்கடை வைத்திருந்த சம்பங்கி லேசில் பயப்படுகிற பொம்பளை இல்லை. குடித்துவிட்டு வந்து வம்பு வளர்க்கும் லாரி டிரைவரை, களி கிண்டும் துடுப்பை ஓங்கிக் காட்டியே வண்டியேற்றி அனுப்புவாள். அடுப்புச் சந்தில் நல்ல பாம்பு படுத்திருந்த அன்றைக்குக்கூட, அதைத் தள்ளிவிட்டு உலையை ஏற்றியவள். அவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். தன் இடது கைப் பெருவிரலுக்கு.

சிரிக்க வேண்டாம். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அவள் அப்பா எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார். ஆள் பிடிக்க வந்த மேஸ்திரி அம்மாவிடம் ஒரு காகிதத்தை நீட்டினான். சுரங்கத்துக்குள் ஏதாவது ஆகிவிட்டால் பணம் யாரிடம் கொடுப்பது என்று எழுதிய காகிதம் அது. அம்மா யோசிக்காமல் இடது பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள். நாலாம் மாதம் பாறை சரிந்தது. அதே மேஸ்திரி பணத்தோடு வந்தான். அதை வாங்கவும் அதே விரலைத்தான் வைக்கச் சொன்னான்.

அதற்கப்புறம் அம்மா இருபது வருஷம் உயிரோடு இருந்தாள். "இந்த வெரலாலதான் உங்கப்பனக் கொன்னன்" என்று சொல்லாத நாள் இல்லை. சாகும்வரை அந்தக் கையால் ஒரு நல்ல காரியம் செய்யவில்லை. கூலி கொடுத்தாலும் இரண்டு கையையும் ஏந்தாமல் வலது கையால் மட்டும் வாங்குவாள். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பெண் காகிதத்தைக் கண்டு பயப்படாமல் வேறு எதைக் கண்டு பயப்படும்?

பதினாறு வயதில் சம்பங்கியைத் திம்மராயனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் ரோடு போடும் கூட்டத்தில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தவன். யுத்த காலத்தில் பட்டாள லாரிகள் வரிசை வரிசையாக அந்த ரோட்டில் போகும். அவற்றோடு வந்த மெக்கானிக் ஒருவனிடம் டியூப் ஒட்டும் வித்தையைக் கற்றுக்கொண்டான். யுத்தம் முடிந்ததும் ஒரு புளியமரத்தடியில் பஞ்சர் கடை போட்டான். வண்டி நின்றால் வயிறும் நிற்குமே என்று சம்பங்கி பக்கத்திலேயே அடுப்பு மூட்டினாள். ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, கொஞ்சம் கீரை. தமிழ்க்காரன் களி என்று கேட்பான், கன்னடக்காரன் முத்தெ என்று கேட்பான், தெலுங்குக்காரன் சங்கட்டி என்பான். மூன்றுக்கும் ஒரே உருண்டைதான். பிள்ளை இல்லை என்கிற குறையைத் தவிர இரண்டு பேருக்கும் பெரிதாக ஒன்றும் குறையில்லை.

இன்னொரு குறை இருந்தது. அதன் பெயர் ராமப்பன். திம்மராயனின் தம்பி. குடும்பத்துக்கு இருந்த இரண்டு ஏக்கர் மேட்டு நிலத்தில் அவன்தான் உழுது பயிர் வைத்தான். அண்ணனுக்கு அதிலிருந்து ஒரு படி ராகி வந்ததில்லை. ஆனால் மாசம் தவறாமல் கடைக்கு வந்து, களி தின்று, கைமாத்து வாங்கிக்கொண்டு போவான். திம்மராயனுக்குத் தம்பி முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல வராது. அதனால் ஒரு தந்திரம் செய்தான். பணத்தை வீட்டில் வைக்காமல் கிருஷ்ணகிரியில் ஒரு பேங்க்கில் போட்டான். "என்கிட்ட இல்லடா, பேங்க்ல இருக்குது" என்று சொல்வது அவனுக்கு எளிதாக இருந்தது. மூன்றாம் வகுப்புவரை தெலுங்கில் படித்தவன், தெலுங்கிலேயே கையெழுத்துப் போட்டான். கணக்குப் புத்தகம் அவன் ஒருத்தன் பேரில்தான் இருந்தது.

ஐம்பத்தேழாம் வருஷம் மாசி மாதம் அவன் வயிற்றில் ஒரு கட்டி. பெங்களூருக்குப் போய் அறுத்துத்தான் ஆகவேண்டும் என்றார் டாக்டர். திம்மராயன் அறுப்பதற்குப் பயப்படவில்லை. அவன் பயமெல்லாம் வேறு.

"நான் போய்ட்டன்னா ராமப்பன் உன்ன வுடமாட்டான், சம்பங்கி. கூட்டுக் குடும்பத்துக் காசுன்னு சொல்லுவான். கடை இருக்கிற எடம் சர்க்கார் பொறம்போக்கு. வீடும் பொதுச் சொத்து, அங்க அவன் பேச்சுதான் செல்லும். நீ அவன் பொண்டாட்டிக்கு மாவரைச்சுக் குடுத்துட்டு, மூலையில குந்திச் சாப்புடணும். அத நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வர்ல."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

பேங்க்கின் ஏஜெண்ட் ஒரு வழி சொன்னார். மேனேஜரை அப்போது ஏஜெண்ட் என்றுதான் சொல்வார்கள். நெற்றியில் நாமம் போட்ட, மெல்லப் பேசுகிற மனிதர். கணக்கை இரண்டு பேர் பேருக்கும் மாற்றிவிடலாம் என்றார்.

"உங்க ரெண்டு பேர்ல யார் வந்து கேட்டாலும் பணம் தருவோம். ஒருத்தர் காலமாயிட்டா மிஞ்சுறவருக்கு. கோர்ட்டுக்குப் போக வேணாம், வாரிசு சர்டிபிகேட் வேணாம். வேற யாரும் நடுவுல வர முடியாது."

திம்மராயனின் முகம் மலர்ந்தது. சம்பங்கி காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான். மிஞ்சுறவர். இருப்பது இரண்டு பேர். அதில் ஒருத்தர் அடுத்த வாரம் அறுத்துக்கொள்ளப் போகிறார். மிஞ்சப்போவது யார் என்று இந்தக் காகிதத்துக்கு முன்னாலேயே தெரியுமா? அம்மா வைத்த காகிதமும் இதே சங்கதியைத்தானே கேட்டது?

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். புருஷன் மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சில் கண்மூடிச் சாய்ந்திருந்தான். இரண்டு மாதமாக அவன் முகத்தில் இல்லாத நிம்மதி இப்போதுதான் வந்திருந்தது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

ஏஜெண்ட் ரேகை பதியும் கார்டையும் மைப்பெட்டியையும் அவள் பக்கம் நகர்த்தினார். "இடது பெருவிரல் வையுங்கம்மா" என்றார். அடுத்த வீட்டுப் பொம்பளை கையைப் பிடித்து அழுத்துகிற ஆள் இல்லை அவர். மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டு பாஸ்புக்கில் எழுத ஆரம்பித்தார்.

அந்த ஒரு நிமிஷத்தில்தான் சம்பங்கி அந்தக் காரியத்தைச் செய்தாள். முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து, வலது பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள். கார்டை எடுத்துப் பார்த்த ஏஜெண்ட், பக்கத்தில் "இடது பெருவிரல்" என்று எழுதி முத்திரை குத்தினார்.

பெங்களூரில் கட்டியை எடுத்தார்கள். திம்மராயன் பிழைத்தான். மூன்றாம் வாரம் தானே நடந்து பஸ் ஏறி ஊருக்கு வந்தான்.

பெரிய டாக்டர் பிழைக்க வைத்தார் என்று ஊர் சொல்லிற்று. அந்தப் பெரிய டாக்டருக்கே தெரியாத ரகசியம் ஒன்று சம்பங்கியிடம் இருந்தது. காகிதத்தை ஏமாற்றியாகிவிட்டது. அது கேட்ட விரலை அவள் கொடுக்கவில்லை. முனியப்பனுக்கு ஒரு சேவல் அறுத்துவிட்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

சந்தோஷம் ஒரு மாசம்கூட நிலைக்கவில்லை. காரணம் திம்மராயனின் பெருமை. பஞ்சர் ஒட்ட நிற்கிற ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்லுவான். "நாளைக்கே நான் கண்ண மூடினாலும் கவலையில்லப்பா. எம் பொண்டாட்டி பேர்ல பேங்க்ல எல்லாம் பக்காவா இருக்குது." அவன் பக்கா என்று சொல்லும்போதெல்லாம் இவள் கையில் துடுப்பு நின்றுவிடும். பக்கா இல்லை. அவன் நம்பிக்கொண்டிருக்கிற கார்டில் இருப்பது தப்பான விரல். உண்மையைச் சொன்னால் திரும்ப இடது விரலை வைக்கச் சொல்வான், வைத்தால் அவன் உயிருக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் அவன் நினைத்த நிம்மதி பொய். அந்தப் பக்கமும் போக முடியாமல் இந்தப் பக்கமும் போக முடியாமல் இரண்டு வருஷம் களி கிண்டினாள். பாவம், அது எப்படிப்பட்ட இரண்டு வருஷம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆடியில் வயிறு திரும்ப வீங்கியது. திம்மராயன் கயிற்றுக் கட்டிலில் விழுந்தான். அன்றிலிருந்து ராமப்பன் தினமும் வர ஆரம்பித்தான். அண்ணன் காலைப் பிடித்துவிடுவான், கஷாயம் காய்ச்சிக் கொடுப்பான். கண்மட்டும் வீட்டுக்குள் அங்குமிங்கும் மேயும். "பாஸ்புக்கு பத்திரமா இருக்குதா அண்ணி?" என்று ஒருநாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டான்.

ஊசி மருந்துக்குப் பணம் வேண்டும் என்றார் டாக்டர். திம்மராயன் மனைவியைக் கூப்பிட்டான். "நீயே போய் எடுத்துக்கிட்டு வா. உன் பேரும் இருக்குதில்ல." பொம்பளை தனியாக எப்படிப் போவாள் என்று ராமப்பனும் கூடவே பஸ் ஏறினான்.

பேங்க்கில் பழைய ஏஜெண்ட் இல்லை. பெங்களூர்ப் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். புது ஏஜெண்ட் வயது குறைந்தவர், சட்டத்தில் கறார். குமாஸ்தா சம்பங்கியின் இடது விரலைத் தானே பிடித்து மையில் உருட்டிப் பணம் எடுக்கும் சீட்டில் வைத்தான். அவள் கையை இழுக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஏஜெண்ட் பூதக்கண்ணாடியை எடுத்துக் கார்டையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது அந்த ரேகை இல்லையே. நீங்க யாரும்மா?"

"நான்தாங்க சம்பங்கி."

"இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ராமப்பனைக் கேட்டார்.

ராமப்பன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தான். "எங்க அண்ணிதானுங்க. அதுல சந்தேகம் இல்ல. ஆனா எங்கண்ணன் அன்னிக்கு இங்க யாரக் கூட்டியாந்து வெரல் வெச்சாரோ, அது எனக்குத் தெரியாதுங்க."

பேங்க்கில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு ஒருத்தி. அவன் சொல்ல வந்தது அதுதான். சம்பங்கிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. தன்னைத் திருடி என்று சொல்லியிருந்தால்கூடப் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பாள். கட்டிலில் கிடக்கிற மனுஷனைப் பற்றி இப்படி ஒரு பேச்சா?

"வெச்சது நான்தான்!" என்று கத்தினாள். வலது கையை ஏஜெண்டின் மேஜைமேல் நீட்டினாள். "இந்த வெரல வெச்சுப் பாருங்க. இடது வெரல வெக்கச் சொன்னாங்க, நான் இத வெச்சன். எம் புருசனுக்குக்கூடத் தெரியாது."

வைத்துப் பார்த்தார்கள். ஒத்துப்போனது. ஏஜெண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏன் என்று கேட்டார். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவர் மேஜையிலிருந்து ஒரு புதுக் கார்டை எடுத்தார்.

"அம்மா, கார்டுல இடதுன்னு எழுதி முத்திரை இருக்கு. இருக்கிறது வலது. இத வெச்சு நான் ஒரு ரூபாகூடத் தர முடியாது. நாளைக்கு உங்க வீட்டுக்காரர் தவறிட்டார்னா, உங்க சொந்தக்காரர் யாராவது ஒரு மனுப் போட்டாப் போதும், பணம் கோர்ட்டுக்குப் போயிடும். இதக் கொண்டுபோய் அவர் கையெழுத்தும் உங்க இடது பெருவிரலும் வெச்சு, ஊர் மணியக்காரர் சாட்சிக் கையெழுத்தோட கொண்டாங்க. அவர் உயிரோட இருக்கும்போதே செய்யணும்."

அவர் சொன்னது அத்தனையும் ராமப்பன் காது கொடுத்துக் கேட்டான். திரும்பி வருகிற பஸ்ஸில், சூளகிரிக்குப் போகிற கூட்டம் ஏறி இரைச்சல் வந்ததும் அவள் பக்கம் குனிந்தான்.

"எதுக்கு அண்ணி அந்தக் கார்டு? போன தடவ நீங்க இடது வெரல வெக்கல, அண்ணன் பொழைச்சுக்கிட்டாரு. உங்க அப்பாருக்கு நடந்தது எனக்குத் தெரியாதா என்ன? காசு இன்னிக்கு வரும், நாளைக்குப் போவும். அண்ணன் உசிரு வருமா?"

அவன் குரலில் அத்தனை பரிவு. அவன் எதற்காகச் சொல்கிறான் என்று சம்பங்கிக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் அவன் சொன்னது அவள் மனசுக்குள் ஏற்கனவே இருந்ததையேதான். எதிரியின் வாயிலிருந்து வந்தாலும் பயம் பயம்தானே. கார்டை முந்தானையில் முடிந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அதை ராகி மாவுப் பானைக்குள் புதைத்தாள். பேங்க் லீவு என்று புருஷனிடம் பொய் சொன்னாள். ஊசிக்குப் பணம் கால் காப்பை விற்று வந்தது. மூன்று நாள் போயிற்று. திம்மராயன் கஞ்சிகூட இறங்காமல் கிடந்தான். அவள் மாவெடுக்கப் பானைக்குள் கைவிடும்போதெல்லாம் கார்டின் விளிம்பு விரலில் இடறும். சட்டென்று கையை எடுத்துவிடுவாள். வைத்தால் புருஷன் போவான். வைக்காவிட்டால் தானே நடுத்தெருவில். தனக்காகப் புருஷனைக் கொடுப்பதா என்று கேட்டுக்கேட்டு அவளே பாதி செத்துப்போயிருந்தாள்.

நாலாம் நாள் மத்தியானம் திம்மராயன் கேட்டான். "பேங்க்கு இன்னுமா லீவு வுட்டிருக்கான்?"

அவ்வளவுதான். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். அம்மாவின் விரல், தான் வைத்த விரல், ஏஜெண்ட் சொன்னது, ராமப்பன் பேங்க்கில் சொன்னது, பஸ்ஸில் சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினாள்.

திம்மராயன் கேட்டுக்கொண்டே கிடந்தான். கோபப்படுவான் என்று பயந்தாள். அவன் நெஞ்சு குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ரெண்டு வருசமா இத வெச்சுக்கிட்டா எனக்குக் களி போட்ட? சொல்றதுக்கு என்னாமே?" என்றான். பிறகு, "அந்தக் கார்ட எடு. மணியக்காரரக் கூப்புடு" என்றான்.

"வேணாம் மாமா. எனக்கு அந்தக் காசே வேணாம்."

"போய்க் கூப்புடு."

மணியக்காரர் எல்லப்பன் மைப்பெட்டியோடு வந்தார். ராமப்பன் வாசலில் வந்து நின்றுகொண்டான். திம்மராயனைத் தலையணை வைத்துச் சாய்த்தார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சு வாங்கி, தெலுங்கில் கையெழுத்துப் போட்டான். எல்லப்பன் மைப்பெட்டியைத் திறந்து சம்பங்கி பக்கம் நீட்டினார்.

அவள் கை எழவில்லை. இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இங்க வா" என்றான் திம்மராயன். "கையக் குடு."

அவள் கொடுக்கவில்லை. அவன்தான் கட்டிலிலிருந்து சரிந்து, கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். எலும்பும் தோலுமாக இருந்த அந்தக் கையில் எங்கிருந்து அத்தனை பலம் வந்ததோ. அவள் பெருவிரலைத் தன் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து மையில் உருட்டினான். ஒட்டின டியூப்பில் காற்றுப் போகாமலிருக்க அமுக்குவானே, அதே மாதிரி கார்டில் வைத்து அமுக்கிப் பிடித்தான். சீக்கிரம் விடவில்லை.

"பாத்துக்க" என்றான். "வெரலு உன்னுது. வெச்சது நான். நாளைக்கு நான் போனா, எங் கையாலயே வெச்சுக்கிட்டுப் போனேன்னு நெனச்சுக்க. உங்கம்மா மாதிரி அந்த வெரலத் திட்டிக்கிட்டுத் திரியாதே. கேட்டுக்கினியா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எல்லப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்ற ராமப்பன் எப்போது போனான் என்று யாரும் கவனிக்கவில்லை.

மறுநாளே எல்லப்பனின் ஆள் கார்டைப் பேங்க்கில் சேர்த்தான். விரல் வைத்த பதினோராம் நாள் விடியற்காலையில் திம்மராயன் போய்விட்டான்.

விரலால்தான் போனானா, கட்டியால் போனானா? டாக்டர் கட்டி என்று சொல்வார். சம்பங்கி அன்றும் அதற்கப்புறமும் அந்தக் கேள்வியை மனசுக்குள் நூறு தடவை எடுத்திருப்பாள். எடுத்தபோதெல்லாம் மணிக்கட்டில் அவன் பிடித்த பிடி தெரியும். கேள்வியை அப்படியே கீழே வைத்துவிடுவாள்.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்துக் கிருஷ்ணகிரிக்குத் தனியாகப் போனாள். ராமப்பன் மனுப் போட்டுத்தான் இருந்தான். ஏஜெண்ட் அதை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவளை உட்காரச் சொன்னார். இந்தத் தடவை யாரும் கையைப் பிடிக்கவில்லை. அவளே இடது பெருவிரலை மையில் தொட்டுச் சீட்டில் வைத்தாள்.

ஏஜெண்ட் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ரேகை ஒத்துப்போனது. ஆனால் கார்டின் ஓரத்தை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவள் ரேகையை ஒட்டினாற்போல், இன்னொரு பெரிய விரலின் கறுப்புத் தடம் பாதி விழுந்திருந்தது.

"இது யாருடைய விரல்? ரேகை நீங்க வெச்சதுதானேம்மா?"

சம்பங்கி எட்டிப் பார்த்தாள். பழைய டயரைக் கழற்றிக் கழற்றிப் பிளந்துபோன அந்த விரலை அவளுக்குத் தெரியாதா?

"வெரலு என்னுதுங்க" என்றாள். "வெச்சது அவரு."